முகக்காவலர்

கெலிஓயாவில் ஒரு கதை உலாவியது. கம்பளை பஸ்ஸில் வந்த ஒருவர் யாரிடமோ சொன்னாராம். அந்த யாரோ சலூன் கதிரையில் சவர நுரையோடு சாய்ந்துகொண்டு சொன்னாராம். சலூன்காரர் அதை அப்படியே மக்கீன் நானாவின் பலசரக்குக் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினாராம். படம் வரைகிற ராஜலிங்கம் பகலிலேயே போடுகிறார் என்பதுதான் கதை. ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. நாலு பேர் முன்னால் கை நடுங்குகிறது. கண்டியின் மார்கழிக் குளிரிலும் நெற்றி வியர்க்கிறது. தெரிந்தவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் பாய்கிறார். வாயில் எந்நேரமும் கராம்பு. கழுத்திலிருந்து காது வரைக்கும் மப்ளர். இத்தனையும் உள்ள மனிதர் குடிக்காமல் இருப்பாரா?

இருந்தார். நாற்பத்தொன்பது வயதாகியும் ராஜலிங்கம் இருமல் மருந்தைக்கூட மூடி அளவுக்கு மேல் தொட்டதில்லை. அப்படியானால் அவருக்கு என்னதான் நோய் என்று கேட்பீர்கள். நோய் இல்லை, இனம். உங்கள் ஊரிலும் உண்டு, உங்கள் அலுவலகத்திலும் உண்டு. பெயர்தான் இதுவரை யாரும் வைக்கவில்லை. இப்போதைக்கு முகக்காவலர் என்று வைத்துக்கொள்வோம்.

மற்றவர்களுக்கு முகம் என்பது தலையின் முன்பக்கத்தில் இருக்கிற ஒரு சாமான். காலையில் கழுவுவார்கள், சவரம் செய்வார்கள், பிறகு அதை அதன் பாட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். முகக்காவலரால் அப்படி விட முடியாது. அவர் தன் முகத்துக்கு முன்னால் தானே கதிரை போட்டு உட்கார்ந்து, இதோ கன்னம் சூடாகிறது, இதோ காது மடல் எரிகிறது, இதோ மேலுதட்டில் ஒரு துளி அரும்புகிறது, அதை எதிரில் நிற்பவர் பார்த்துவிட்டார், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வேறு பக்கம் பார்க்கிறார், பாவம் என்று நினைக்கிறார் என்று நாள் முழுக்கக் காவல் காக்கிறார். எதிரில் நிற்பவர் உண்மையில் என்ன நினைக்கிறார்? பெரும்பாலும் தன் பஸ்ஸைப் பற்றி.

ராஜலிங்கம் பயப்படுவது அவருடைய காதுகளுக்கு. ஆட்கள் பார்த்தால் அவை சிவந்துவிடுகின்றன என்பது அவருடைய நம்பிக்கை. அவருடைய நிறமோ நன்றாகக் கொதிக்கவிட்ட பிளேன்டீயின் நிறம். அந்த நிறத்தில் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரத்தினபுரியிலிருந்து மாணிக்கக்கல் பார்க்கிற ஒருவரை டோர்ச்சோடு கூட்டிவர வேண்டும். இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்த மனைவி ரத்தினம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "ஏங்க, ஒங்க காது எனக்குத் தெரிஞ்ச நாளிலேருந்து ஒரே கலருதாங்க." அவர் நம்பவில்லை. அவரிடம் வேறு சாட்சி இருந்தது. விரலால் காதைத் தொட்டுப் பார்ப்பார். சுடும். சுட்டால் சிவந்திருக்கிறது. சிவந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தால் பேசாமல் இருப்பார்களா? வழக்கு முடிந்தது.

இந்த இனத்தின் வைத்திய முறைகள் தனியானவை. சிவப்பை மறைக்க மப்ளர். மப்ளர் சுற்றியதும் காது இன்னும் சூடாகும். சூட்டுக்கு வியர்க்கும். வியர்வையை ஒற்ற மூன்று லேஞ்சி. ஒன்று சட்டைப் பையில், ஒன்று காற்சட்டைப் பையில், ஒன்று அவசரத்துக்குக் குடைக்குள். பேசப் போகும்போது வாய் காய்ந்துவிடுவதால் கராம்பு. கராம்பு மணத்தால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்பதை நீங்களும் நானுமாக இருந்தால் யோசித்திருப்போம். முகக்காவலருக்கு ஊரைப் பற்றி யோசிக்க நேரம் ஏது? அவர்தான் ஊர் தன்னைப் பற்றி யோசிப்பதை யோசித்துக்கொண்டிருக்கிறாரே.

கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் காணிப் படம் வரைவது அவருடைய தொழில். இங்கேதான் வேடிக்கை. தனியாக மேசையில் குனிந்தால் அந்தக் கை கல்லுப் போல நிற்கும். மகாவலி வளைகிற இடமெல்லாம் தலைமயிர் பருமனுக்குக் கோடு இழுப்பார். பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒரு சிலும்பல் தெரியாது. கந்தோர்ப் பெரியவர் பின்னால் வந்து நின்று "ஹரி, ஹரி, கரன்ன", சரி சரி, செய்யுங்கள், என்று சிங்களத்தில் சொன்னால் போதும், ஆறு திசை மாறிப் பக்கத்துக் காணிக்குள் பாய்ந்துவிடும். ஆகவே பெரியவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் ராஜலிங்கம் பென்சில் சீவத் தொடங்குவார். அந்தக் கந்தோரிலேயே மிகக் கூர்மையான பென்சில்கள் அவருடையவை.

மாலையில் பஸ். கெலிஓயாவில் இறங்க வேண்டுமானால் "பஹினவா" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஐம்பது தலைகள் திரும்புமே. அதனால் வேறு யாராவது இறங்குகிற நாளில் அவர் கெலிஓயாவில் இறங்குவார். யாரும் இறங்காத நாளில் கம்பளை வரைக்கும் போய், அங்கே பஸ் தானாகவே நின்ற பிறகு இறங்கி, திரும்பி வருவார். தாமதம் ஏன் என்று ரத்தினம்மா கேட்டால் "வேலை" என்பார். பகலில் போடுகிறவர் பொழுதுபட்டும் போடுகிறார் என்று கதை வளர்ந்ததற்குக் கம்பளைச் சந்தியில் அவர் தனியாக நின்ற அந்த மாலைகளும் உதவின.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் இந்தச் சித்திரத்துக்கே தேவை இருந்திருக்காது. எழுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் அவருடைய ஒரே மகள் யோகராணிக்கு மடுல்கெல்லையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். தகப்பன் கறுப்பையா, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருப்பவர். அந்தத் தோட்டத்தில் இலை எத்தனை மணிக்கு வாட வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சாதகம் பொருந்தியது. பொண்ணுக்கும் சம்மதம். "அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு," என்று யோகராணி சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நேராகச் சொன்னாள். சொன்னவள் சாதாரணமாக இருந்தாள். வெட்கப்பட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தவர் தகப்பன்.

மலைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுகிறவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கடைக்கு வருவார்கள். ஒரு றாத்தல் சீனி வாங்குகிற சாட்டில் "அந்தக் குடும்பம் எப்படி?" என்று விசாரிப்பார்கள். கறுப்பையாவும் வந்தார், சீனியும் வாங்கினார், விசாரித்தும்விட்டார். அடுத்த நாள் சவர்க்காரம் வாங்கப் போன ராஜலிங்கத்தை மக்கீன் நானா கடையின் உட்பக்கம் கூப்பிட்டார்.

"சேர், கோவிக்க வாணாம். ஒரு கதை ஈக்கிது."

ராஜலிங்கத்தின் கை காதுக்குப் போனது. "என்ன கதை நானா?"

"சேர் போடுறதாம்."

"நானா?"

"நான் இல்ல, நீங்க. நான் சொன்னேன், அந்த மனுஷன் சோடா குடிச்சாலே ரெண்டு நாளைக்கு யோசிக்கிற ஆளு எண்டு. அவருக்கு அர மனசு. மறுகா சொன்னாரு, ஞாயித்துக்கெழம வாசிகசால தெறக்கிறாங்கதானே, நானும் வாறேன், கண்ணால பாத்துக்கிறேன் எண்டு."

குற்றம் செய்தவர் மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சை நிமிர்த்தி, குரலை உயர்த்தி, சத்தியம் பண்ணி மறுப்பார். குற்றம் செய்யாத முகக்காவலர் மறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் உடனே பொலிசுக்குச் சொல்லிவிடுவீர்கள். ராஜலிங்கம் வியர்த்தார், இருமினார், கராம்பை விழுங்கினார், லேஞ்சியைத் தேடிக் குடையைத் திறந்தார், கடைக்குள்ளே விரித்த குடையோடு "இல்லை" என்றார். சவர்க்காரத்தை வாங்காமலே போனார். அவரை நம்புகிற மக்கீன் நானாவுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

வாசிகசாலைச் சங்கத்தின் தலைவர் ராஜலிங்கம்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எப்படித் தலைவரானார் என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். எழும்பி மாட்டேன் என்று சொன்னால் எல்லாரும் பார்ப்பார்களே என்று பேசாமல் இருந்தார். மூன்று வருடமாகத் தலைவர். திறப்பு விழாவில் தலைவர் மங்கள விளக்கேற்ற வேண்டும். அந்த விளக்கு உங்களுக்குத் தெரியும், உச்சியில் பித்தளைச் சேவல் நிற்கிற ஆளுயர விளக்கு, இந்த நாட்டில் எதைத் திறந்தாலும் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஐந்து திரி, ஐந்து பிரமுகர், ஒரே ஒரு மெழுகுதிரி. கையிலிருந்து கைக்குப் போகும். கை நடுங்குகிற ஒரு மனிதரை ஊருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல கருவியை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சும்மா நடுங்குகிற கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளிக்கலாம். சுடர் பிடித்த கையை எங்கே ஒளிப்பது?

வீட்டில் ஒத்திகை நடந்தது. சாமி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ராஜலிங்கம் விளக்கேற்றினார். சுடர் அசையவில்லை. மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து மனைவியையும் மகளையும் கூப்பிட்டு மறுபடி ஏற்றினார். மெழுகு சொட்டிச் சாமிப் படத்தின் கண்ணாடியில் ஆறு பொட்டு விழுந்தது.

"நா பாத்தா ஆடுது. நா திரும்பிக்கிட்டா ஆடல," என்றார் ரத்தினம்மா. "அப்ப ஞாயித்துக்கெழம சபையே திரும்பி நில்லுங்கன்னு மைக்ல சொல்லச் சொல்லிருவோமா?"

"அப்பா," என்றாள் யோகராணி, "நடுங்கினா நடுங்குதுன்னு சொல்லிட்டுப் போங்களேன். எங்க பிரின்சிபலுக்குக்கூட மைக் பிடிச்சா நடுங்கும்."

"அவர் பிரின்சிபல்ம்மா. அவருக்கு நடுங்கினா வயசுன்னு சொல்லுவாங்க."

"ஒங்களுக்கு?"

ராஜலிங்கம் சாமிப் படத்தில் விழுந்த மெழுகை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். தனக்கு நடுங்கினால் ஊர் என்ன சொல்கிறது என்பதும், அது யாருடைய கல்யாணத்தில் போய் முட்டுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க அவர் இரண்டு பெட்டி பென்சிலைச் சீவி முடித்தார்.

ஞாயிறு வந்தது. முன்வரிசைக் கதிரையில் கறுப்பையா இருந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தை இறுக்கி மூடிய கம்பளிக் கோட்டு. முற்பகல் பதினொரு மணி, நல்ல வெயில், கோட்டைக் கழற்றவில்லை. வருகிற சம்பந்தியை ராஜலிங்கம் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார். பார்த்தார் என்று சொல்வதுகூடப் பிழை. கறுப்பையா தன்னைப் பார்ப்பதைத்தான் அவர் பார்த்தார்.

ஒலிபெருக்கி ஒவ்வொருவராக அழைத்தது. பிரதம விருந்தினர் ஏற்றினார். அதிபர் ஏற்றினார். ஹாஜியார் ஒருவர் வந்து, மெழுகுதிரியைத் தொட்டும் தொடாமல் பிடித்து, சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டுப் போனார். "அடுத்ததாக, மடுல்கெல்லையிலிருந்து வருகை தந்திருக்கும் பெருமதிப்புக்குரிய கறுப்பையா ஐயா அவர்களை அன்புடன் அழைக்கின்றோம்." கறுப்பையா எழுந்து போனார். அந்த நேரம் ராஜலிங்கம் என்ன செய்துகொண்டிருந்தார்? தன் வலது கையை இடது கையால் பிடித்து, அது ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது அவர் பெயர். மெழுகுதிரி கைக்கு வந்தது. சுடர் சேவலின் வாலுக்கு ஒரு தடவை, சேவலின் கழுத்துக்கு ஒரு தடவை, பிரதம விருந்தினரின் மாலைக்கு ஒரு தடவை போய்வந்து, நாலாவது தடவை திரியைத் தொட்டது. கைதட்டினார்கள். கைதட்டல் கேலியாக இருக்கும் என்று எண்ணியபடியே ராஜலிங்கம் நூறு பேர் முன்னால் காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

பற்றீசும் வடையும் பிளேன்டீயும் பரிமாறப்பட்டபோது அவர் சிறுநீர் கழிக்கப் போவதுபோல் பின்பக்கத்தால் போய்விட்டார். கறுப்பையாவும் தேத்தண்ணி குடிக்காமலே புறப்பட்டுவிட்டாராம். போகிற வழியில் மக்கீன் நானாவிடம் மட்டும் நாலு வார்த்தை சொன்னாராம்: "வியாழக்கெழம நாலரைக்கு ஒங்க கடைக்கு போன் எடுக்கிறேன். பொண்ணோட அப்பாவ இருக்கச் சொல்லுங்க. வார்த்தைய அப்பாக்கு அப்பாதான் பேசிக்கணும். அவரு போனுக்கு வரலன்னா அவங்களுக்கு இதுல விருப்பம் இல்லன்னு நாங்க எடுத்துக்குவோம்."

வியாழக்கிழமை நாலேகாலுக்கு ராஜலிங்கம் கடையில் இருந்தார். அரைநாள் லீவு, புதுச் சட்டை, பழைய மப்ளர். ரத்தினம்மாவும் யோகராணியும் கூட வந்திருந்தார்கள். தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் வாங்க வந்த ஆஸியா உம்மா வாங்கி முடித்த பிறகும் போத்தலை வைத்துக்கொண்டு நின்றார். ஊரில் போன் இருக்கிற கடை அது ஒன்றுதான். யாருக்குப் போன் வந்தாலும் அது பாதி ஊருக்கு வந்த மாதிரி.

"நானா, அவர் என்ன சொல்லப்போறார்?" என்று கேட்டார் ராஜலிங்கம்.

"எனக்கு எப்பிடித் தெரியும் சேர்? ஆனா ஒண்டு சொல்றேன். அண்டைக்கு அவர்ட கையும் ஆடிச்சு. நீங்க காணலியா? மூணு தரம் திரிய விட்டுப் போச்சு. கோட்டுக்குள்ள வேர்த்து, கழுத்தெல்லாம் தண்ணி. சேர்ட முகத்தக்கூட அவரு பாக்கல. குனிஞ்ச தல நிமிரல."

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் ராஜலிங்கமாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள், அல்லது அழுதிருப்பீர்கள், குறைந்தது ஒரு பெருமூச்சாவது விட்டிருப்பீர்கள். முப்பது வருடமாக ஒருவன் தனியாக அடைபட்டுக் கிடந்த அறையின் சுவரை மறுபக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள். ராஜலிங்கம் என்ன செய்தார் தெரியுமா? யோசித்தார். யோசித்துவிட்டு, மிகவும் வருத்தமாகச் சொன்னார்:

"நான் பக்கத்துல நின்னு நடுங்கினதப் பார்த்து அவருக்கும் பதற்றமாப் போயிருக்கும், பாவம்."

"சேர், அவரு ஏத்தினது ஒங்களுக்கு முந்தி."

"நான் ஒக்காந்திருக்கும்போதே ஆடிக்கிட்டுத்தான் இருந்தேன் நானா."

மக்கீன் நானா தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் தேவையில்லாத தட்டு. இந்த இனத்தோடு பேசுகிறவர்கள் கடைசியில் இப்படி எதையாவது துடைக்க வேண்டிவரும்.

நாலரைக்கு மணி அடித்தது.

எல்லாரும் போனைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ராஜலிங்கத்தைப் பார்த்தார்கள். அதுதான் பிழையாகப் போயிற்று. எழும்பியவர் அப்படியே நின்றார்; விரல் காதுக்குப் போனது.

"சேர், அடிக்கிது."

"கேட்குது நானா. ஒரு நிமிசம். கொஞ்சம் ஆறட்டும்."

"என்னத்த ஆறட்டும்?" என்றார் ஆஸியா உம்மா. "யாரும் மவுத்தா மகன், சாவுச் சேதியா? ஏன் இவரு எடுக்காம நிக்கிறாரு?"

"ஏங்க," என்றார் ரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "நா எடுக்கவா?"

"அப்பாக்கு அப்பான்னு சொல்லியிருக்காரு."

யோகராணி கிட்ட வந்தாள். கெஞ்சவில்லை. தகப்பனுடைய கழுத்திலிருந்து மப்ளரைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள். "அப்பா, போனுக்குக் கண் இல்ல. ஒங்க காது அவருக்குத் தெரியாது. 'வணக்கம்'னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த அவரு பேசுவாரு."

"குரல்ல தெரியும்மா."

ஐந்தாவது மணி. ஆறாவது. கை நீண்டது, போனுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. மடுல்கெல்லைத் தொழிற்சாலைக் கந்தோரில், கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தன் கை ஆடியதை அந்தப் படம் வரைகிறவர் எத்தனை தடவை வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, அவர்கள் எடுக்காவிட்டாலும் நல்லதுதான், எடுத்தால் என்ன பேசுவது என்று வியர்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மக்கீன் நானா நினைக்கிறார். யோகராணி நிச்சயமாக நினைக்கிறாள். நினைக்காதவர் ஒருவர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் போன கிழமை கலியாண வீட்டில் யாரோ தேத்தண்ணியைக் கோப்பையும் பீரிசுத் தட்டுமாக நீட்டியபோது, கையில் கிலுகிலுக்குமே என்று "இப்பதான் குடிச்சேன்" என்று சொன்னது யார்? கூட்டத்தில் தெரிந்த பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, இன்னொருவர் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? இதை வாசித்துக்கொண்டு வரும்போது, சும்மா, பக்கத்தில் யாரும் இல்லைதானே என்று பார்த்துவிட்டு, விரலை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனீர்களே, அது எதற்கு? இல்லை என்று அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். இந்த இனம் மறுக்கிற விதம் எப்படி என்று மேலே சொல்லியாயிற்று. கையை எடுங்கள். யாரும் பார்க்கவில்லை. அவரவர் தங்கள் காதில் கவனமாக இருக்கிறார்கள்.

எட்டாவது மணி அடிக்கிறது. ஒரு சாண் இப்போது நாலு விரல்கடை.

"அப்பா," என்கிறாள் யோகராணி.

ஒன்பது.